புதியவரும் முதல் பத்து நிமிஷங்களும்



கணினித் திரையிலும் கைபேசியிலும் ஆடப்படுகிற விளையாட்டுகளைப் பற்றி ஒரு பொதுச் சபையில் நின்று பேசுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடும். ஆயினும், உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் தங்கள் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியை எதில் செலவிடுகிறார்களோ, அதன் வாயிலில் அவர்களை யார், எவ்விதம் எதிர்கொண்டு அழைக்கிறார்கள் என்ற கேள்வி கல்வியைப் பற்றிய கேள்வியே என்பது என் துணிபு. ஒரு விளையாட்டை ஆவலோடு கைபேசியில் இறக்கிக்கொள்கிறவர்களுள் மிகப் பலர் மறுநாள் அதைத் திறப்பதில்லை. அதை உருவாக்கியவர்கள் வருஷக்கணக்கில் சிந்தித்துச் சிருஷ்டித்த நுட்பங்களில் ஒன்றையேனும் காணாமல், வாயிற்படியில் கால் வைத்ததுமே திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பியவரை விசாரித்தால், 'எனக்கு இதெல்லாம் வராது' என்று தம்மையே குறை கூறிக்கொள்வார். அவரை அவ்விதம் எண்ண வைத்தது பெரும்பாலும், டுடோரியல் என்று இத்துறையினர் வழங்குகிற ஆரம்பப் பயிற்சிப் பகுதியின் அமைப்பே. அதை அமைக்கும் கலையைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இந்தச் சங்கடம் நேற்றுத் தோன்றியதன்று. 1971-இல் அமெரிக்காவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்னும் இருவர் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற, காசு போட்டு ஆடும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். விண்கலத்தை இடப்புறம் திருப்ப ஒரு பொத்தான், வலப்புறம் திருப்ப ஒரு பொத்தான், உந்திச் செலுத்த ஒன்று, சுடுவதற்கு ஒன்று என நான்கு பொத்தான்களும், அவற்றை விளக்கும் வாசகங்களும் அதில் இருந்தன. பொறியியல் படித்த இளைஞர்களுக்கு அது பிடித்திருந்தது; மாலையில் மதுக்கடைக்கு இளைப்பாற வந்த சாதாரண மக்களோ அதன் முன் சற்று நேரம் திகைத்து நின்றுவிட்டு நகர்ந்துபோயினர். மறு ஆண்டில், புஷ்னெல் தொடங்கிய அட்டாரி நிறுவனத்திற்காக ஆலன் அல்கார்ன் என்பவர் 'பாங்' என்னும் விளையாட்டை அமைத்தார். திரையில் இரண்டு கோடுகள், ஒரு புள்ளி. கையில் திருகுவதற்கு ஒரு குமிழ். பந்தைத் தவறவிடாமல் ஆடினால் புள்ளிகள் கூடும் என்ற பொருள்பட ஒரு சிறு அறிவிப்பு. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் வைத்த முதல் இயந்திரம் விரைவிலேயே ஓடாமல் நின்றுபோக, போய்த் திறந்து பார்த்தபோது, உள்ளே காசுகள் நிரம்பி வழிந்ததே பழுதுக்குக் காரணம் என்று தெரியவந்தது.

எளிமையாகச் செய்தால் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாமா என்றால், அதற்கு இடமில்லை. பல்லாயிரம் பேர் ஒரே உலகத்தில் கூடி வாணிகமும் போரும் நட்பும் நடத்துகிற இன்றைய ஆன்லைன் விளையாட்டுகளை 'பாங்' அளவுக்குச் சுருக்கினால், அவற்றின் ஜீவனே போய்விடும். சிக்கலான பொருளைச் சிக்கலாகவே வைத்துக்கொண்டு, அதற்குள் நுழைகிறவருக்கு மட்டும் வழியைச் செப்பனிட்டுத் தருவது எப்படி என்பதே நம் முன் உள்ள பிரச்சினை.

இதற்கு விடை தேடியவர்களுள், விளையாட்டுத் துறையைச் சேராத ஓர் ஆராய்ச்சியாளரை நான் முதலில் சொல்ல வேண்டும். 1980-களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜான் கரோல் என்பவர், அலுவலகங்களில் அப்போதுதான் வந்து இறங்கிய சொற்செயலிக் கருவிகளை மக்கள் எவ்வாறு கற்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்தார். கருவியோடு கனத்த கையேடுகள் கொடுக்கப்பட்டன; படிப்படியாக, வரிசை பிசகாமல், எல்லாவற்றையும் விளக்கிய கையேடுகள் அவை. ஆனால் கற்க வந்தவர்கள் அவற்றைப் பொறுமையாகப் படிக்கவில்லை. எழுத வேண்டிய கடிதம் ஒன்று அவர்கள் மனத்தில் இருந்தது. அதை எழுதுவதற்கு நேரே பாய்ந்தார்கள், இடறினார்கள், தாமாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு மறுபடியும் முயன்றார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று கண்டிக்காமல், மனிதன் கற்கும் சுபாவமே இதுதான் என்று கரோல் ஏற்றுக்கொண்டார். அதுவே அவருடைய பெருமை. குழந்தைகளின் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு இருபுறமும் பொருத்துகிற சிறு சக்கரங்களைப் போல, புதியவர் வழக்கமாகத் தடுமாறி விழுகிற சில கட்டளைகளை மட்டும் தற்காலிகமாகப் பூட்டி வைத்து, மற்றவற்றைத் திறந்துவிட்டு ஒரு சோதனை செய்தார். 1984-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பூட்டப்பட்ட கருவியில் பயின்றவர்கள், எல்லாம் திறந்திருந்த கருவியில் பயின்றவர்களைவிட விரைவாகவும் நன்றாகவும் கற்றார்கள். தவறு செய்யும் உரிமையை அவர் பறிக்கவில்லை; தவறின் விலையைத்தான் குறைத்தார். புதியவர் முதலில் ஒரு காரியத்தைத் தம் கையாலேயே செய்து, அதன் பலனைத் தம் கண்ணாலேயே காண வேண்டும். விளக்கம் அதற்குப் பின்னால் வந்தால் போதும். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே. மற்றவை எல்லாம் இதன் விரிவு.

இவ்வுண்மையை எந்த நூலையும் சாராமல், கைவினைஞனின் உள்ளுணர்வாலேயே கண்டவர்கள் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஆவர். 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதற்கட்டத்தை நாம் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது மாரியோ திரையின் இடது ஓரத்தில், வலப்புறம் நோக்கி நிற்கிறான். அவனுக்கு முன்னால் இருப்பது வெட்டவெளி. எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஓர் எழுத்துகூடத் திரையில் இல்லை. ஆயினும் இடப்புறம் போக முயல்பவர் உடனே தடுக்கப்படுவார், வலப்புறம் போகிறவருக்கு உலகம் விரிந்துகொடுக்கும். நாலடி நடந்ததும் வினாக்குறி பொறித்த கட்டி ஒன்று தலைக்கு மேலே மின்னுகிறது. அதே சமயம் முகத்தைச் சுளித்த ஒரு சிறு பிராணி எதிரே வருகிறது. அதன்மேல் மோதினால் மாரியோ இறந்துபோவான். ஆனால், அவன் இழப்பது சில விநாடி நேரத்து முயற்சிதான். ஆட்டத்தின் மிக ஆரம்பத்திலேயே இருப்பதால் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடுகிறான். தாண்டிக் குதிக்க முயன்றவன் தற்செயலாகப் பிராணியின் தலைமேலேயே விழுந்தால், பிராணி நசுங்குகிறது. குதிப்பது தப்புவதற்கு மட்டுமல்ல, தாக்குவதற்கும் ஆகும் என்பதை அந்த ஒரு கணத்தில் அவன் கற்றுவிட்டான்.

அடுத்து வருவது இன்னும் நுட்பமானது. வினாக்குறிக் கட்டி ஒன்றை முட்டியதும் காளான் ஒன்று வெளிப்படுகிறது. சற்று முன் கொல்ல வந்த பிராணியும் ஏறத்தாழக் காளான் வடிவமே ஆகையால், புதியவர் இதையும் பகை என்று அஞ்சுவது இயல்பு. அஞ்சி ஒதுங்குகிறவருக்கு இது நன்மை தரும் பொருள் என்று எப்படிச் சொல்வது? மியாமோட்டோ சொல்லவில்லை. காளான் வலப்புறமாக உருண்டு போய்க் கீழே இறங்கி, அங்கே நிற்கும் பச்சைக் குழாயில் மோதித் திரும்பி, மாரியோவை நோக்கியே வருகிறது. தாண்டித் தப்பலாம் என்று குதித்தாலோ, தலைக்கு மேலே உள்ள செங்கற்கள் தடுத்துக் கீழே தள்ளுகின்றன. புதியவர் விரும்பாமலேயே காளானைத் தொட்டுவிடுகிறார். மாரியோ பெரியவனாக வளர்கிறான். அச்சம் ஆனந்தமாக மாறிய அந்தப் பாடத்தை அவர் பிறகு எக்காலத்திலும் மறப்பதில்லை. இதே கட்டத்தின் பிற்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வருகின்றன. அவற்றின் நடுவே விழுந்தால் கெட்டித் தரை. சற்று தூரத்தில் அதே போன்ற இரண்டு படிக்கட்டுகள் மீண்டும் வருகின்றன. இம்முறை நடுவே பாதாளம். அபாயமில்லாத இடத்தில் ஒத்திகை பார்த்துவிட்ட பிறகே அபாயத்தில் இறக்கிவிடுகிற இந்தக் கிரமம், தேர்ந்த நல்லாசிரியர் எவருக்கும் பரிச்சயமானது.

இன்றைய ஆன்லைன் விளையாட்டுகளில் பலவற்றைத் திறந்தவுடன் நாம் காண்பது இதற்கு நேர் மாறான காட்சி. திரை முழுவதும் இருள்கிறது. ஒரு பொத்தான்மேல் மட்டும் ஒளிவட்டம் விழுகிறது. ஒரு கைப்படம் அதைச் சுட்டித் துடிக்கிறது. வேறு எதைத் தொட்டாலும் பலனில்லை. ஒளி விழும் பொத்தானைத் தொட்டால் அடுத்த பொத்தான், பிறகு அடுத்தது. பாத்திரம் ஒன்று வந்து பத்தி பத்தியாகப் பேசுகிறது. முதல் தடவையாக இப்படி ஒரு விளையாட்டைத் திறந்த ஓர் அம்மையாரின் அருகில் அமர்ந்து, எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வாசகங்களைச் சிரத்தையோடு படித்தார். மூன்றாவதில் அவருடைய கட்டைவிரல் தானாகவே வலது கீழ்மூலைக்கு நகர்ந்து அங்கேயே குடியேறிவிட்டது. வாசகம் தோன்றுமுன்னே அதைக் கடந்து செல்ல அந்த விரல் கற்றுக்கொண்டது. கடைசியில் ஒளிவட்டங்கள் எல்லாம் மறைந்து, ஆட்டம் அவர் கையில் முழுமையாக ஒப்படைக்கப்பட்டபோது, 'இப்போது என்ன செய்யணும்?' என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அத்தனை பாடங்களிலிருந்தும் அவர் உண்மையாகக் கற்றது, பாடத்தைத் தள்ளிவிடுவது எப்படி என்பதை மட்டுமே.

ஜார்ஜ் ஃபேன் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இந்த நோயை நன்கு அறிந்தவர். 2009-இல் பாப்கேப் நிறுவனம் வெளியிட்ட 'பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்' அவருடைய சிருஷ்டி. விளையாட்டுகளில் பரிச்சயம் இல்லாத தம் தாயாரை அதைக் கடைசிவரை ஆட வைத்தது எப்படி என்பதையே பொருளாகக் கொண்டு, 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். எந்நேரத்திலும் திரையில் எட்டு ஆங்கிலச் சொற்களுக்கு மேல் நிற்கலாகாது என்பது அவருடைய விதிகளுள் ஒன்று. முதற்கட்டத்தில் தோட்டத்தின் நடுவே ஒரே ஒரு பாத்திக்குத்தான் புல் விரித்திருக்கும். மற்றவை வெறும் மண். விதைக்கத் தகுந்த செடியும் ஒன்றுதான். எங்கே நடுவது, எதை நடுவது என்ற ஐயத்துக்கே இடமில்லை. அடுத்த கட்டத்தில் பாத்திகள் மூன்றாகின்றன, செடிகள் இரண்டாகின்றன. கற்பிக்கிறார்கள் என்ற உணர்வே ஏற்படாமல், விளையாட்டின் நெடும்பகுதி முழுவதும் பாடம் பரவிக்கிடக்கிறது.

அவர் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. அந்த விளையாட்டில் சூரியகாந்திச் செடி நேராகப் போரிடுவதில்லை. பிற செடிகளை வாங்குவதற்கு வேண்டிய ஒளியைச் சுரந்து தருகிறது. முதலில் சூரியகாந்தியை நட்டவரே பின்னால் செழிப்பார். ஆனால் புதியவர்கள், பகைவர் வருகிறார்கள் என்ற பதற்றத்தில், சுடுகிற செடியையே முதலில் வாங்கினார்கள். இரண்டுக்கும் விலை ஒன்றாக இருந்ததே அதற்கு அனுகூலம். இவ்விடத்தில் சாதாரண வடிவமைப்பாளர், 'முதலில் சூரியகாந்தியை நடவும்' என்று ஓர் அறிவிப்பை எழுதி மாட்டியிருப்பார். ஃபேன் சூரியகாந்தியின் விலையைப் பாதியாகக் குறைத்தார். கையில் இருக்கும் சிறு ஒளிக்கு அதைத்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்ததும், புதியவர்கள் தாமாகவே அதை முதலில் நட்டார்கள். விலை மாறியதால் விளையாட்டு முழுவதன் சமநிலையையும் மறுபடி கணக்கிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தைச் சேர்க்காமல் இருப்பதற்காக அத்தனை பிரயாசையை அவர் மேற்கொண்டார். டுடோரியல் என்பது விளையாட்டின் முகப்பில் ஒட்டவைக்கும் தனி உறுப்பு என்று நினைப்பவர்களால் இப்படிச் செய்ய இயலாது.

இனி, இத்தகைய பயிற்சி எல்லா விளையாட்டுக்கும் அவசியந்தானா என்ற கேள்வி எழும். இதற்கு அனுமானத்தால் விடை சொல்ல வேண்டியதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மூன்று விளையாட்டுகளைத் தேர்ந்து, டுடோரியலைப் பலவிதமாக மாற்றி மாற்றி அமைத்து, 45,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆடிய விதத்தை ஒப்பிட்டார்கள். எளிதான இரண்டு விளையாட்டுகளிலும் டுடோரியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. மக்கள் தாமே தடவிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். மூன்றாவதான மிகச் சிக்கலான விளையாட்டில் மட்டும், பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வரை அதிக நேரம் நிலைத்து ஆடினார்கள். தேவையில்லாத இடத்தில் பாடம் நடத்துவதும் செல்வ விரயமே என்பதை இதிலிருந்து உணரலாம்.

அந்த மூன்றாவது விளையாட்டின் பெயர் 'ஃபோல்டிட்'. 2008-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து இணையத்தில் வெளிவந்தது. புரதம் என்னும் மூலக்கூற்றுச் சங்கிலி தன்னைத்தானே மடித்துக்கொண்டு என்ன உருவம் எடுக்கிறது என்பது உயிர்வேதியியலின் கடினமான வினாக்களுள் ஒன்று. அதை வேதியியலே படியாத பொதுமக்களின் கையில் ஒரு புதிராகக் கொடுத்துத் தீர்க்கச் செய்யலாம் என்று சேத் கூப்பர், ஸோரன் போபோவிச், டேவிட் பேக்கர் முதலியோர் துணிந்தனர். இதைக் கற்பிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். ஹைட்ரஜன் பிணைப்பு, நீரை வெறுக்கும் பக்கக்கிளை, நீரை விரும்பும் பக்கக்கிளை என்றெல்லாம் முதலில் விரிவுரை செய்திருந்தால், ஆயிரத்தில் ஒருவர்கூட எஞ்சியிருக்க மாட்டார். அவர்களோ, திரையில் ஒரு சிறு புரதத்தை வைத்தார்கள். அதன் இரண்டு பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி இடிக்கும் இடத்தில், முட்கள் நிறைந்த சிவப்புப் பந்து ஒன்று துள்ளுகிறது. அதைப் பார்த்த எவருக்கும், ஏதோ வேதனை அங்கே இருக்கிறது, அதை விலக்க வேண்டும் என்று தோன்றும். மௌஸால் பற்றி இழுத்தால் பாகம் விலகுகிறது, சிவப்புப் பந்து மறைகிறது, மதிப்பெண் உயர்கிறது. அணுக்கள் ஒரே இடத்தை அடைத்துக்கொள்ள முடியாது என்ற பௌதிக நியமத்தை அவர் கற்றாயிற்று. அதன் பெயரை வேண்டுமானால் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அடுத்தடுத்த புதிர்களில், ஆரஞ்சு நிறக் கிளைகளை உள்ளே மறைக்கவும், நீலநிறக் கிளைகளை வெளியே நீட்டவும் அதே விதமாகப் பழகுகிறார்.

இந்த ஆரம்பப் பள்ளியில் பயின்றவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குரங்குகளில் எய்ட்ஸ் போன்ற நோயோடு தொடர்புடைய வைரஸ் ஒன்றின் நொதி, பத்தாண்டுகளுக்கும் மேலாக அதன் அமைப்பை விஞ்ஞானிகளுக்குக் காட்டாமல் ஏய்த்துவந்தது. 2011-இல் வெளியான கட்டுரையின்படி, ஃபோல்டிட் ஆடுபவர்கள் மூன்று வாரங்களில் அதற்குத் திறவுகோலாகிய உருவத்தை அமைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு நாள் அந்தச் சிவப்புப் பந்தை முதன்முதலாகப் பார்த்து விழித்தவரே. புதியவரை வாயிலில் இழந்துவிடுகிற விளையாட்டு எதையெல்லாம் இழக்கக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னவை, ஒருவர் தனியே அமர்ந்து ஆடுகிற விளையாட்டுக்கும் பொருந்தும். ஆன்லைன் விளையாட்டில் இன்னொரு சக்தி குறுக்கிடுகிறது. அது பிற மனிதர்கள். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும், எழுத்துகளாலேயே ஆகிய 'மட்' என்னும் கற்பனை உலகத்தை அமைத்த நாள் முதலாகவே, புதியவரின் கதி பழையவர்களின் தயவைப் பொறுத்ததாக இருந்துவருகிறது. 1997-இல் தொடங்கிய 'அல்டிமா ஆன்லைன்' என்னும் விளையாட்டு இதைக் கசப்பாக உணர்த்தியது. நகர எல்லையைத் தாண்டி முதல் அடி வைத்த புதியவர்களை, ஆயுதபாணிகளான பழைய ஆட்டக்காரர்கள் காத்திருந்து வெட்டிச் சாய்த்துக் கையிலிருந்த அற்பப் பொருளையும் பறித்தார்கள். எந்த டுடோரியலும் இதற்குப் பரிகாரம் ஆகாது. கடைசியில் 2000-இல் உலகத்தையே இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ஒருவரையொருவர் கொல்ல முடியாதபடி செய்தார்கள்.

பாதுகாத்துவிட்டால் மட்டும் புதியவர் தங்கிவிடுவாரா? 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் ஆன்லைன் விளையாட்டு உச்சப் புகழில் இருந்த 2010-இல், இலவசமாக ஆடிப் பார்க்க வருகிறவர்களில் சுமார் 30 சதவீதம் பேரே பத்தாம் நிலையைக் கடக்கிறார்கள் என்று அதன் நிறுவனத்தாரே வெளிப்படையாகக் கூறினர். அவர்களுடைய ஆரம்பப் பிரதேசங்கள் அபாயமற்றவை, அழகானவை. ஆனால் பெரும்பாலும் ஏகாந்தமானவை. 'ஈவ் ஆன்லைன்' என்னும் விண்வெளி விளையாட்டின் அனுபவம் இன்னும் சிந்தனைக்குரியது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் தொடங்கிய அது, கற்பதற்கு மிகக் கடினமானது என்று பெயர் பெற்றது. அந்நிறுவனத்தார் சுமார் 80,000 புதியவர்களின் முதல் 15 நாட்களை ஆராய்ந்து 2015-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிறரால் கப்பல் தகர்க்கப்பட்ட புதியவர்கள் மனமுடைந்து ஓடியிருப்பார்கள் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அதற்கு மாறாக, அப்படி அடிபட்டவர்களே ஒருவராலும் தீண்டப்படாதவர்களைவிட அதிகம் தங்கினார்கள். இதைக் கொண்டு புதியவரை அடிப்பது நல்லது என்று யாரும் விபரீதப் பொருள் செய்ய வேண்டாம். சுறுசுறுப்பாக வெளியே சுற்றுகிறவரே அடிபடும் சந்தர்ப்பமும் அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும் எனக்குத் தோன்றுவது இது: அடித்தவனும் ஒரு மனிதன், அவனோடு பேச நேர்கிறது, ஏன் அடித்தாய் என்று கேட்க நேர்கிறது, பழிவாங்க ஒரு கூட்டாளியைத் தேட நேர்கிறது. ஒருவராலும் கவனிக்கப்படாமல் விண்வெளியின் மூலையில் தாதுப்பொருளை வெட்டிக்கொண்டிருந்தவருக்கு விளையாட்டு என்பது இன்னமும் ஆரம்பமே ஆகவில்லை. அந்த உலகத்தில் 2004 முதல் 'ஈவ் யுனிவர்சிடி' என்னும் ஓர் அமைப்பை ஆட்டக்காரர்களே நடத்தி, புதியவர்களுக்கு வகுப்பெடுத்துவருகிறார்கள் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

பழையவர்களின் இந்த நல்லெண்ணத்தைத் தற்செயலுக்கு விடாமல், விதியாகவே அமைத்துவிட்ட ஒரு விளையாட்டு உண்டு. அதுவே ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபாண்டஸி ஃபோர்டீன்'. அதில் புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் தளிர் காணப்படும். எல்லோரும் அவரை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். நால்வரோ எண்மரோ குழுவாகச் சேர்ந்து ஒரு குகைக்குள் நுழையும்போது, அவர்களுள் யாரேனும் ஒருவர் அக்குகைக்கு முதல் தடவை வந்தவராக இருந்தால், ஆட்டம் முடிந்ததும் குழுவில் உள்ள அனைவருக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும் என்று திரையில் அறிவிப்பு வருகிறது. இந்த ஒரு சிறு விதி மனித சுபாவத்தில் என்ன மாறுதலை உண்டாக்குகிறது என்று கவனியுங்கள். மற்ற இடங்களில், வழி தெரியாத ஒருவர் குழுவில் இருப்பது பெருஞ்சுமை. அவர் தடுமாறினால் வசை. சில வேளைகளில் வெளியேற்றம். இங்கேயோ, அவர் வந்ததே எல்லோருக்கும் லாபம். 'முதல் தடவையா? பயப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பழையவர்கள் முன்வந்து சொல்கிறார்கள். உபகார சிந்தை இல்லாதவரும் உபகாரியாக நடந்துகொள்வதற்கு அந்த விதி வழி செய்கிறது. 2016-இல் அதில் புதியவர்களும் வழிகாட்டிகளும் உரையாடுவதற்கென்றே ஒரு தனி அரட்டை வழியும் திறக்கப்பட்டது. 2020-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டும் புதியவர்களுக்கென ஒரு தனித் தீவையும், அனுபவசாலிகள் வந்து பதிலளிக்கும் அரட்டை வழியையும் ஏற்படுத்தியது. இருபதாண்டு அனுபவத்துக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வந்து சேர்ந்த இடம் இது.

ஒரு விஷயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். புதியவரைத் தங்கவைத்தல் என்று நான் கூறும்போது, நாள்தோறும் வந்து போனால் ஒரு நாணயம், ஏழாம் நாள் ஒரு பெட்டி, வராவிட்டால் எல்லாம் போயிற்று என்ற தூண்டில்களை நான் கருதவில்லை. அவையும் மனிதரை மறுநாள் அழைத்துவருகின்றன. நிறுவனங்களின் கணக்கேட்டில் இரண்டு வகை வருகையும் ஒரே எண்ணாகத்தான் பதிவாகின்றன. ஆனால் ஒருவர் நேற்றுத் தெரியாத ஒன்று இன்று தமக்குத் தெரிகிறது என்ற உற்சாகத்தில் திரும்பி வருவதற்கும், வராவிட்டால் நஷ்டம் என்ற அச்சத்தில் திரும்பி வருவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. முதற்கட்டத்திலேயே காசு கொடுத்து வாங்கும் கடையைத் திறக்கச் செய்து, அதையும் ஒரு பாடம் என்று சேர்த்துவைக்கும் டுடோரியல்களை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். இன்னது செய்தால் இன்னது நேரும் என்பதே அறியாத நிலையில் இருப்பவரிடம், நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு பெறும் சம்மதம், சம்மதம் ஆகாது. அதுவும் அந்தப் புதியவர் பத்து வயதுச் சிறுவனாக இருக்கும்போது.

மாணவர்களாகிய உங்களுள் சிலர் இத்துறையில் பிரவேசிக்கப் போகிறீர்கள் என்று அறிந்தேன். ஆகையால், தொழிலைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பெரும்பாலான இடங்களில் டுடோரியலை விளையாட்டு முடிந்த பிறகு, வெளியிடும் நாள் நெருங்கிய அவசரத்தில் செய்கிறார்கள். விளையாட்டின் விதிகள் நிலைபெறுமுன் அவற்றைக் கற்பிக்கும் பகுதியைச் செய்தால் மறுபடி மறுபடி மாற்ற நேரும் என்பது அதற்கு அவர்கள் கூறும் நியாயம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் சூரியகாந்தியின் விலை போன்ற ஒரு திருத்தம், விதிகள் இளகிய நிலையில் இருக்கும்போதுதான் சாத்தியம். கடைசியில் வருபவருக்கு எஞ்சுவது வாசகங்களும் ஒளிவட்டங்களுமே.

இன்னொன்று, நம் நாட்டுச் சூழ்நிலையைப் பற்றியது. முதன்முதலாகக் கைபேசி வாங்கி, அதில் முதன்முதலாக ஆட வருகிற எத்தனையோ பேர் ஆங்கில வாசகங்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கிறார்கள். தமிழில் பெயர்த்துத் தந்தாலும், ஆங்கிலத்துக்கென அளவெடுத்த சிறு கட்டத்துக்குள் நம் நீண்ட சொற்கள் அடங்காமல் பாதியில் முறிந்து நிற்பதைக் காண்கிறோம். காளானும் குழாயும் கற்பித்தது போல, இடத்தையும் பொருளையும் கொண்டே கற்பித்தால் இந்தத் தடை பெரும்பாலும் இல்லாமற்போகும்.

கடைசியாக, சோதித்துப் பார்க்கும் முறை. உங்கள் டுடோரியல் நன்றாக இருக்கிறதா என்பதை நீங்கள் அறிய முடியாது. உங்கள் சக பணியாளரும் அறிய முடியாது. அந்த விளையாட்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதியவர் ஒருவரை அழைத்து உட்கார வைத்து, பின்னால் நின்று, வாய் திறவாமல் பார்க்க வேண்டும். அவர் தவறான பொத்தானைத் தேடும்போது நாக்கு நுனிவரை வரும் விடையை அடக்கிக்கொள்வது கடினமான அப்பியாசம். ஆனால் ஒரு மனிதர் ஒரு விளையாட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் புதியவராக இருக்க முடியும். பார்த்து முடித்த அரைமணியில் அவர் புதியவர் அல்லர். மறுபடியும் அவரை அழைப்பதில் பயனில்லை. ஆகையால் இருபது பேர் கிடைத்தார்கள் என்று ஒரே நாளில் இருபது பேரையும் உட்கார வைத்துவிடாதீர்கள். இருவரை அழையுங்கள், அவர்கள் எங்கே திகைத்தார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தைத் திருத்துங்கள், அதன் பிறகு அடுத்த இருவரை அழையுங்கள். முதல் இருவர் இடறிய இடத்தை இந்த இருவர் கடந்துவிடுவார்கள். வேறோர் இடத்தில் நிற்பார்கள். அதைத் திருத்திவிட்டு மூன்றாவதாக வேறு இருவரை அழைக்கலாம்.